ஒரே வாளித் தண்ணீர்

கைகால் முறிந்து அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு எலும்பு டாக்டர் செய்வது பாதி வேலைதான். எலும்பை இழுத்து நேராக்கிவிட்டு அவர் அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார். மீதிப் பாதி, வராந்தாவின் கடைசியில் இருந்த மாவுக்கட்டு அறையில் நடக்கும். அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘மூணு நிமிஷம்’.

மற்றவர்கள் போடுகிற கட்டு இறுக எட்டு நிமிஷம் ஆகும், பத்து நிமிஷம்கூட ஆகும். இவர் போட்டால் மூன்றே நிமிஷம். தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வரும். “எழுந்து போங்க, அடுத்த ஆளு!” என்பார். வராந்தாவில் கூட்டமே சேராது. பெரிய டாக்டர் ஒருமுறை வெளியூர் டாக்டர்களை அழைத்துவந்து, “எங்க ஆளு கைராசியைப் பாருங்க” என்று காட்டினார். அன்றைக்கு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை அவளே மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

கைராசியாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் வாளித் தண்ணீரின் வேலை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

மாவு என்று பெயரே தவிர அது மாவு இல்லை, கல். சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் தண்ணீரும் சேர்ந்து இறுகிக் கிடக்கும் ஜிப்சம் என்கிற கல். அதைச் சூளையில் சுட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போய்விடும். வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். அந்தப் பொடியை வலைத்துணியில் ஒட்டிச் சுருளாகச் சுற்றி விற்கிறார்கள். சுருளைத் தண்ணீரில் முக்கினால் பொடி கொஞ்சம் கரையும். கரைந்தது கரைந்தபடி இருக்காது. இழந்த தண்ணீரை மறுபடி இழுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக முளைத்து, ஒன்றோடொன்று பின்னிப் பழையபடி கல்லாகிவிடும். ஆகும்போது, சூளையில் வாங்கிய சூட்டை வெளியே விடும். விட்டே தீரும். எவ்வளவு வேகமாக இறுகுகிறதோ அவ்வளவுக்குச் சூடும் ஒரேயடியாக வரும்.

அதனால்தான் தொட்டிக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் புதுத் தண்ணீர். வெந்நீர் கூடாது. அளவுக்கு மேல் சுற்றக் கூடாது. காய்கிற கட்டைத் தலையணை மேல் வைக்கக் கூடாது, மூடக் கூடாது. அட்டையை ஒட்டியதே நம்ம ஆள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரிக்கு வரி அப்படியே செய்தவர்தான்.

அப்புறம் ஒருநாள் கூட்ட நெரிசலில் வாளியை மாற்ற மறந்தார். முந்தின ஆளுக்கு முக்கிய தண்ணீரிலேயே அடுத்த ஆளுக்கும் முக்கினார். கட்டு சட்டென்று இறுகியது. பாலில் கொஞ்சம் பழைய தயிரை விட்டால் பால் முழுவதும் உறைகிறதே, அதே கதைதான். வாளியில் மிதந்த பழைய துகள்கள் புதுப் பொடிக்கு உறையாக நின்றன. அவர் கண்டுபிடித்துவிட்டார்! மறுநாள் முதல் காலையில் பிடித்த ஒரே வாளித் தண்ணீர், மத்தியானம் வரை பால்போல வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் ரொம்பச் சில்லிட்டால் கொதிகலனிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றிக்கொள்வார். மூன்று நிமிஷம்! யாராவது சுடுகிறது என்றால், “கட்டுன்னா கொஞ்சம் சுடத்தான் செய்யும், நல்லதுதான்” என்பார். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் சிவந்து போனவர்கள் இருந்திருக்கலாம். கட்டுக்குள்ளே யார் பார்த்தது? தப்பு செய்து பத்து வருடம் மாட்டாமல் இருந்தால் அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொள்வது மனுஷ சுபாவம்.

அவருடைய மனைவிக்கு ஒரு தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘சின்னவள்’. நாற்பத்தொரு வயது. புருஷன் போய்ச் சேர்ந்தபோது கையில் ஏழு வயதுப் பையன். அழுது முடித்து ஆறு மாதத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறாள். “உனக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கட்டுமா?” என்று அக்கா கேட்டால், “அதான் முப்பத்தாறு சீட்டோட ஒருத்தனைக் கட்டிக்கிட்டேனே” என்பாள். அத்தானும் கொழுந்தியாளும் சேர்ந்தால் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. ஒருவரை ஒருவர் வாருவதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

அவள் ஒரு மழைநாளில் பஸ் கண்ணாடியைத் துடைக்க ஏறி, வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கியர் போடுகிற கை. டாக்டர் எலும்பை நேராக்கியதும் நம்ம ஆள் வராந்தாவுக்கே வந்து நின்றார்.

“நம்ம வீட்டுப் பிள்ளை. நானே பாத்துக்கறேன்.”

பாசம் பொங்கியது. அதுதான் வினை. மற்றவர்களுக்கு எட்டுச் சுற்று என்றால் அவளுக்குப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினார். வாளியில் காலையிலிருந்து பதினாறு பேருக்கு முக்கிய தண்ணீர். அப்போதுதான் வெந்நீர் வேறு ஊற்றியிருந்தார். கை வலிக்குமே என்று ரெக்சின் தலையணை மேல் தூக்கி வைத்தார். குளிருமே என்று ஒரு போர்வையையும் மேலே போட்டார். அட்டையில் கூடாது என்று எழுதியிருந்த நாலையும் ஒன்றுவிடாமல் செய்தார், அத்தனையும் அன்பினால்.

மூன்று நிமிஷத்தில் கட்டு இறுகியது. சூடு அதற்கப்புறம்தான் உச்சிக்கு ஏறும்.

“அத்தான், சுடுது.”

“சுடாம? ஆஸ்பத்திரி செலவுல ஓசி ஹீட்டர்மா. அனுபவி!”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் போனது.

“இல்ல அத்தான், நெஜமாவே சுடுது.”

“பதினோரு வருஷம் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து ஓட்டினவ, இதுக்குப் போய் சுடுதுங்கிறா பாருங்க! இவளை நம்பி எத்தனை பேரு பஸ் ஏறுறாங்க!”

பெஞ்சு குலுங்கியது. ஏணியிலிருந்து விழுந்து கால் ஒடிந்த ஒரு பெயின்டர், வலியை மறந்து சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மூன்றாவது தடவை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. வலது கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். “அத்தான், இதை எடுத்துட முடியாதா?”

அவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே! “நான் போட்ட கட்டை இதுவரைக்கும் ஒருத்தரும் எடுன்னு சொன்னதில்ல. பேசாம இரு” என்று சொல்லிவிட்டுப் பெயின்டரிடம் போனார். அவள் இருபத்தைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நாள் அவள் தூங்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்து, உள்ளே எரிகிறது என்றாள். மனைவி வந்து சொன்னபோது அவர், “எலும்பு கூடறதுன்னா சும்மாவா? அப்படித்தான் இருக்கும்னு சொல்லு” என்றார். ஆறாவது நாள் எரிச்சல் நின்றுவிட்டது. “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வலிக்கிற தோலே செத்துப்போனதால்தான் வலி நின்றது என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்றும் சொல்லலாம்.

நாலாவது வாரம் கட்டிலிருந்து வாடை வந்தது. அவரே ரம்பம் வைத்து அறுத்தார். பஞ்சை விலக்கினார். முன்கையின் அடிப்பக்கம், சரியாகத் தலையணையில் பதிந்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, பழைய செருப்புத்தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் சீழ். பார்த்த அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருட அனுபவம் ஆயிற்றே, தெரியாமல் இருக்குமா?

டாக்டர் அவசரமாக வந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது? உள்ள எதையாவது விட்டுச் சொறிஞ்சீங்களா?”

“இல்ல சார்... எனக்குத் தெரிஞ்சு இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் அத்தான் முகத்தைப் பார்த்தாள். அவர் தனக்காகப் பேசுவார் என்று நம்பிய பார்வை அது.

அவர் பேசினார். “அரிப்பு தாங்காம தூக்கத்துல ஏதாவது பண்ணியிருக்கும் சார். நான் படிச்சுப் படிச்சு சொல்லித்தான் அனுப்பினேன்.”

வாய் தானாகச் சொன்னது என்று பின்னால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தார். வாய் சொன்னதாகவே இருக்கட்டும். பதிவேட்டில் எழுதியது எது? ‘நோயாளி, சொன்ன புத்தியை மீறிக் கட்டுக்குள் பொருளை நுழைத்துச் சொறிந்ததால் புண்’ என்று மணிமணியான கையெழுத்தில் அவரே எழுதினார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அவர் வினை அவளைச் சுட்டது, பழியையும் அவள் தலையிலேயே போட்டது.

செத்த தோலை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். வீட்டில் ஆளாளுக்கு அவளைத் திட்டினார்கள். கல்லூரிக்குப் போகிற மகன், “ஒரு மாசம் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதாம்மா உனக்கு?” என்றான். அக்காவும், “சின்ன வயசுலயே கொசு கடிச்சாப் பிச்சு எடுத்துடுவா” என்றாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று கண் கலங்கினாள்.

“உங்க பேரைக் கெடுத்துட்டேன் அத்தான். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தருக்கும் ஆகாதது என்னால ஆயிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க.”

“சரி, விடும்மா. ஆனது ஆச்சு” என்றார் அவர்.

மன்னித்தாராம்! யார் யாரை மன்னிப்பது என்ற விவஸ்தையே இல்லாமல் போயிற்று. அன்று மனைவி எடுத்துவைத்த சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். “உடம்புக்கு என்னங்க?” என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை பட்டதும் அவருக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. கண்ணாடியைப் பார்த்து முகம் மழிக்கக் கூசியது. தொட்டிக்கு மேலே இருந்த அட்டையைப் பார்க்கக் கூசியது. ஆளுக்கொரு வாளியாகப் புதுத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார். கட்டு இறுக எட்டு நிமிஷம் ஆனது, கூட்டம் சேர்ந்தது. “என்ன மூணு நிமிஷம், வயசாயிடுச்சா?” என்று வாட்ச்மேன் கிண்டல் செய்தான். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டார். ரொம்ப மலிவான தண்டனை, அவருக்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் யாரும் இல்லை. அவ்வளவு சூடு வந்திருக்காது, அவள் தோல்தான் மென்மையானது என்று மனசின் ஒரு மூலை இன்னும் வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது. பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார். ஒரு வாளித் தண்ணீரில் நாலு பழைய சுருள்களை முக்கிக் கரைத்து வெளுக்கவைத்தார். வெந்நீர் ஊற்றினார். தன் இடது கையில் பஞ்சு சுற்றி, வலது கையாலும் பல்லாலும் இழுத்து இழுத்துப் பன்னிரண்டு சுற்றுப் போட்டார். தலையணையில் வைத்தார். போர்வையை மூடினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது நிமிஷம் இறுகியது. இளம் சூடு, இதமாகக்கூட இருந்தது. ‘இவ்வளவுதானே’ என்று நினைத்தார். ஆறாவது நிமிஷம் வியர்த்தது. எட்டாவது நிமிஷம், பழுக்கக் காய்ந்த சட்டியைக் கையோடு சேர்த்துக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. கையை உதறினார், உதறினால் போகிற சூடா அது? பத்தாவது நிமிஷம் போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு, “ஐயோ” என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். அவசரத்தில் கோணல்மாணலாக அறுத்துப் பிய்த்து எறிந்து, குழாயடியில் கையை நீட்டினார். தோல் சிவந்து இரண்டு கொப்புளம் போட்டிருந்தது.

பத்து நிமிஷம் தாங்க முடியவில்லை அவரால். அவள் இருபத்தைந்து நிமிஷம் இருந்தாள். கத்தவில்லை. அவர் பேர் கெட்டுவிடும் என்று கத்தவில்லை. குழாயை மூடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அழுதார் சரி, போய்ச் சொன்னாரா? அதுதான் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினார். கொப்புளத்தைப் பார்த்து மனைவி கேட்டதற்கு வெந்நீர் கொட்டிவிட்டது என்றார். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய். அது நிற்கவா செய்யும்?

ஒருநாள் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “சின்னவளுக்கு இனிமே பஸ் கிடையாதாம்ங்க. டிப்போ டாக்டர் ஆஸ்பத்திரி ஃபைலைப் பாத்தாராம். சொன்ன பேச்சு கேக்காம தன் கையைத் தானே கெடுத்துக்கிட்டவளை நம்பி எப்படி நாப்பது பேரை ஏத்தறதுன்னு கேட்டாராம். தவறவிட்ட சாமான்களை எடுத்துவைக்கிற அறையில போட்டுட்டாங்க. குடை, பை எல்லாம் அடுக்கிட்டிருக்கா.”

“அவ ஒண்ணும் சொல்லலையா?”

“என்ன சொல்லுவா? அவர் கேக்கறது நியாயம்தானே அக்காங்கிறா.”

அவள் கை ஆறிவிட்டது, விரல் மடங்குகிறது, கியர் போட முடியும். அவளை பஸ்ஸிலிருந்து இறக்கியது காயம் இல்லை, அவர் எழுதிய ஒரு வரி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். வாளி, வெந்நீர், பன்னிரண்டு சுற்று, தலையணை, போர்வை, மூன்று தடவை அவள் சொன்னது, டாக்டரிடம் தான் சொன்னது, எதையும் விடவில்லை. பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை அன்னைக்கே ஏன்யா சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு சார்.”

“இப்ப?”

“இப்ப அதைவிட வெக்கமா இருக்கு சார்.”

பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய வரியின் கீழே, நடந்ததை அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டு அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிறவரை வர வேண்டாம் என்றார்கள். டிப்போவுக்கு அன்றைக்கே கடிதம் போகும் என்றார் பெரிய டாக்டர். கைராசி என்று ஊருக்குக் காட்டிய மனிதர், இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

இத்தனைக்கும் இதுதான் சுலபமான பாதி. கடிதம் போய்ச் சேருவதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும். கடிதத்தைப் படித்து அவள் தெரிந்துகொண்டால், மனுஷன் என்று சொல்லிக்கொள்ள அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

நாலு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனார். மாடியில் இரண்டு அறை. மகன் கதவைத் திறந்து, “வாங்க பெரியப்பா” என்றான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “என்ன அத்தான் இந்த நேரத்துல? அக்கா துரத்திட்டாளா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை. நின்றபடியே சொன்னார். தரையைப் பார்த்துச் சொன்னார். மகன் முன்னால் சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் மடியில் ஒரு சட்டை பாதி மடித்தபடி கிடந்தது.

“அப்ப நான் சொறியல” என்றாள்.

“இல்லம்மா.”

“தூக்கத்துலகூட இல்ல.”

“இல்ல. நான் போட்ட கட்டு சுட்டது. வேற ஒண்ணும் இல்ல.”

“அன்னைக்கு சுடுதுன்னு சொன்னேன்ல?”

“சொன்னே. மூணு தடவை. நான் சிரிச்சேன்.”

“நானும் சிரிச்சேன் அத்தான்” என்றாள். “நீங்க சிரிக்கறீங்க, எல்லாரும் சிரிக்கறாங்க, அப்ப சுடாது போலன்னு நெனச்சு நானும் சிரிச்சேன்.”

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்து உள் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் அவருக்குக் கட்டில் தெரிந்தது. தலைமாட்டில், வலதுபக்கக் கம்பியில் ஒரு பழைய துப்பட்டா கட்டித் தொங்கியது.

“அது என்னம்மா?”

“தைச்ச தோலையும் தூக்கத்துல பிச்சு எடுத்துடுவேனோன்னு பயம்” என்று அவள் திரும்பாமலே சொன்னாள். “ரெண்டு மாசமா வலது கையை இதுல கட்டிக்கிட்டுத்தான் தூங்கறேன். தினமும் இவன்தான் கட்டிவிடுவான்.”

கம்பியருகே குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். தினமும் அந்த முனையிலேயே இறுகி இறுகிக் கெட்டிப்பட்ட முடிச்சு. நகத்தால் நெருடியும் பிடி கிடைக்கவில்லை. அவர் தன்னையறியாமல் இரண்டடி எடுத்துவைத்து, “குடும்மா, நான் அவிழ்க்கறேன்” என்று கையை நீட்டினார்.

“வேணாம்” என்றாள் அவள். “நீங்க தொடாதீங்க.”

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். முடிச்சு சீக்கிரத்தில் அவிழவில்லை. அவள் முடிக்கிறவரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.